கையெழுத்து பொருந்தவில்லை

அப்பாவின் பங்குகளை ஒரு புரோக்கர் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அவராகக் கேட்கவில்லை.

நான் பீளமேட்டில், நூல் மில்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் தாராபுரத்தில் இருக்கிறார்கள். அப்பா மக்காச்சோள வியாபாரம் செய்தவர். சுற்றுவட்டாரக் காடுகளில் விவசாயிகளிடம் வாங்கி, பல்லடம், உடுமலைப் பக்கம் இருக்கும் கோழித்தீவனக் கம்பெனிகளுக்கு லாரி லாரியாக அனுப்புவார். மிச்சப்படும் பணத்தில் மற்றவர்கள் பூமி வாங்கினார்கள், அப்பா பங்கு வாங்கினார். கொஞ்சம் சிமெண்ட், கொஞ்சம் பேங்க், கொஞ்சம் பம்ப் செட் கம்பெனி. வாங்கியதைச் சுலபத்தில் விற்கவும் மாட்டார். வியாபாரத்தை நிறுத்திய பிறகு அவருக்கும் அம்மாவுக்கும் அதுதான் ஆதாரம்.

வாங்கல் விற்றல் எல்லாம் ஊரிலேயே, உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கிளை ஆபீசில் நடந்தது. அதை நடத்துகிறவர் அப்பாவை அண்ணா என்று கூப்பிடுவார். அதனால் எனக்கு அவர் சித்தப்பா. ரத்த உறவெல்லாம் இல்லை. காலையில் ஒன்பது மணி வாக்கில் அப்பா அந்தப் படியேறிப் போவார். டிவியில் விலைகள் ஓடிக்கொண்டிருக்கும். "அந்த சிமெண்ட்டுல ஒரு இருவத்தஞ்சு போடு" என்பார். சித்தப்பா போட்டுவிடுவார். ஒரு டீ குடித்துவிட்டு அப்பா வீடு திரும்புவார்.

வருமானவரிக்காக வருடா வருடம் அவருடைய கணக்கை நான்தான் பார்ப்பேன். அந்த வருடம் ஏனோ கமிஷன் பத்தியைத் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். வாங்கும்போது நூறு ரூபாய்க்கு ஐம்பது காசு, விற்கும்போது ஐம்பது காசு. கணக்கு வைத்திருப்பதற்கு வருடக் கட்டணம். விற்கும் ஒவ்வொரு முறையும் பங்கை வெளியே எடுப்பதற்கு ஒரு கட்டணம். எல்லாவற்றின் தலையிலும் ஜிஎஸ்டி. எங்கள் ஆபீசில் பலர் செல்போனில் ஒரு ஆப் வழியாகத்தான் பங்கு வாங்குகிறார்கள். அதில் வாங்கி வைத்துக்கொள்வதற்குக் கமிஷனே கிடையாது, வருடக் கட்டணமும் பாதிதான். வித்தியாசத்தைக் கணக்குப் போட்டேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் செலவைவிட அதிகமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அதை அப்பாவிடம் காட்டினேன்.

"அவன் எப்பக் கூப்பிட்டாலும் போனெடுத்துப் பேசறான் கண்ணு. அதுக்குத்தான் அந்தக் காசு" என்றார்.

"போனெடுக்கறதுக்கு இவ்வளவுங்களாப்பா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். கிலோவுக்கு ஐந்து காசு, பத்து காசு என்று பேரம் பேசியே காலத்தை ஓட்டியவர். கமிஷன் என்ற சொல் அவரை எங்கே தொடும் என்று எனக்குத் தெரியும்.

"சேரி, மாத்திப்போடு. ஆனா அவங்கிட்ட நீதான் சொல்லோணும். எனக்கு வாய் வராது."

புதுக் கணக்குத் தொடங்குவது சுலபமாக இருந்தது. ஆதார் நம்பர், செல்போனைப் பார்த்து ஒரு போட்டோ, வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து. கையெழுத்துக்கு மட்டும் அப்பா தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். தாளில் கையெழுத்து மூலையில் சின்னதாக இருந்தது. சித்தப்பாவை விட்டுவிட்டுப் போவதில் அவருக்கு மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் அந்த மேல்மாடிக்கு நான் போனேன். சித்தப்பா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"கமிசனுதானுங்க அம்மணி பிரச்சினை? பாதிக்குப் பாதி கொறைச்சுக்கலாமுங்க. அண்ணனுக்கு இல்லாததா?"

"புதுக் கணக்கு ஆரம்பிச்சாச்சுங்க சித்தப்பா."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து மாற்றல் சீட்டை எடுத்துக் கொடுத்தார். தனித்தனியாக மாற்றினால் ஒவ்வொரு கம்பெனிப் பங்குக்கும் கட்டணம் பிடிப்பார்கள், கணக்கை மொத்தமாக மூடி அதே பெயரில் இருக்கும் புதுக் கணக்குக்கு மாற்றச் சொன்னால் கட்டணம் இல்லை என்று அவரேதான் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. படியிறங்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அப்பா கையெழுத்துப் போட்ட சீட்டு சித்தப்பாவின் கம்பெனித் தலைமை ஆபீசுக்குப் போனது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. பெற்றவர்கள் சாப்பிடும் சோறு முழுக்க ஒரு கூரியர் கவருக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு. ஆபீசில் லெட்ஜர் பார்க்கும்போதே செல்போனை மடியில் வைத்துத் திறந்து திறந்து பார்ப்பேன். கவர் வேறு யார் கையிலாவது சிக்கினால்? புதுக் கணக்கு எண்ணை ஒரு இலக்கம் தப்பாக எழுதியிருந்தால்? நகலை எடுத்து எண்ணை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் சந்தேகம் வந்தது.

மெயில் வந்தது. கையெழுத்து பொருந்தவில்லை, விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "அவசரத்துல போட்டிருப்பேன்" என்றார். சித்தப்பாவே வீட்டுக்கு இன்னொரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. அந்த நாட்களில் மார்க்கெட்டும் இறங்க ஆரம்பித்திருந்தது. நான் தலைமை ஆபீசைப் போனில் பிடித்தேன். ஒரு பெண் பேசினாள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"மேடம், எங்க ரெக்கார்டுல இருக்கற கையெழுத்தும் இதுவும் ரெண்டு வேற வேற ஆளுங்க போட்ட மாதிரி இருக்கு. ரெண்டு தடவை இப்படி வந்ததால, வெரிஃபை பண்ற வரைக்கும் கணக்கை நிறுத்தி வெச்சிருக்கோம்."

"நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னா?"

"விக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது மேடம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

மகள் என்றேன். அவள் என் பெயரையும் நம்பரையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அதில் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் கையெழுத்தை நான் போட்டுவிட்டதாக அவர்கள் நினைக்கிறார்கள். வயதானவரின் சொத்தை மகள் தன் பக்கம் திருப்பிக்கொள்வது அவர்களுக்குப் புதிய விஷயமாக இருக்காது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டார்.

சும்மா போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று சொல்வார்கள். ஐம்பது காசைக் காப்பாற்றப் போய் முதலீட்டையே கட்டிப்போட்டு வைத்துவிட்டேன். மார்க்கெட் தினமும் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா விற்கிறவர் இல்லை, ஆனாலும் விற்க முடியாது என்பது வேறு விஷயம் அல்லவா? அவர் மேல்மாடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டிருந்தார். வீட்டு டிவியில் விலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அம்மா சொன்னார். நான் போன் செய்தால் "என்னாச்சு?" என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை சிங்காநல்லூரில் பஸ் ஏறி நேரே சித்தப்பாவின் ஆபீசுக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டரில் அப்பா கணக்குத் தொடங்கிய காலத்துக் கையெழுத்தைத் திறந்து காட்டினார். தமிழில், பெரிய பெரிய எழுத்தாக, கடைசி எழுத்தின் வால் வலது பக்கம் நீண்டு போய், அடியில் ஒரு கோடு. என் ரேங்க் கார்டுகளில் நான் பார்த்து வளர்ந்த கையெழுத்து. பக்கத்தில், திரும்பி வந்த சீட்டு. முதல் எழுத்து சுமாரான அளவில் இருந்தது. அடுத்தது அதைவிடச் சின்னது. போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து எறும்பு அளவுக்கு நடுங்கிக் கிடந்தது. கோடே இல்லை.

இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. வேறு ஆள் போட்ட மாதிரிதான் இருந்தது.

"அண்ணன் சௌக்கியமாத்தானுங்க இருக்காரு?" என்று சித்தப்பா கேட்டார். திரும்பி வந்த சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "அப்பா கைக்கு என்னுங்கம்மா?" என்று கேட்டேன். அம்மா துருவுவதை நிறுத்தவில்லை.

"ஒண்ணுமில்ல. வயசாகுதல்ல."

"கையெழுத்தே மாறிப்போயிருக்குதுங்கம்மா. கம்பெனிக்காரங்க நான் போட்டதுன்னு நெனைக்கறாங்க."

அப்போதுதான் அம்மா கையைக் கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வருசமா சட்டைக்குப் பட்டன் நாந்தான் போட்டு உடறேன் கண்ணு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு. டீ டம்ளரைப் புடிச்சா சிந்துதுன்னு பாதி டம்ளருதான் ஊத்துவேன். நீ வந்தா உனக்கு முன்னால டீயே குடிக்கறதில்ல, கவனிச்சயா?"

நான் கவனிக்கவில்லை. கமிஷன் பத்தியைக் காசு விடாமல் கூட்டிய எனக்கு அது கண்ணில் படவில்லை. அப்பா வாசல் பக்கம் நாற்காலியில், வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்டிருக்கும்.

"ஏனுங்கப்பா, கோயமுத்தூர்ல ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்தரலாமுங்களா?"

"பங்கு மாறி வரட்டும். அப்புறமேலு பாக்கலாம்" என்றார்.

"கை சேரியானாத்தானுங்க பங்கே மாறும்."

அதற்கு அவர் லேசாகச் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றது, கன்னத்துக்கு ஏறவில்லை. அதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நரம்பு டாக்டர் அவினாசி ரோட்டில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்பாவை அறையின் குறுக்கே நடக்கச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து எதையாவது எழுதுங்கள் என்றார். அப்பா என்ன எழுதுவது என்று யோசித்து, மக்காச்சோளம் என்று எழுதினார். அடுத்தடுத்து எழுதச் சொல்ல, வரிக்கு வரி எழுத்து சிறுத்தது. டாக்டர் தாளைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். பார்க்கின்சன் என்று சொன்னார். நரம்பு மெல்ல மெல்லத் தளரும் வியாதி, இப்படி எழுத்து சிறுத்துக்கொண்டே போவது அதன் அடையாளங்களில் ஒன்று, மாத்திரையில் நன்றாகக் கட்டுப்படும், ஆனால் போகாது. இன்னும் ஒரு வருடம் கழித்து வந்திருந்தால் சிரமம் கூடியிருக்கும் என்றார்.

வெளியே வந்து மருந்துக் கடையில் நிற்கும்போது அப்பா கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கையெழுத்துக்கு என்ன பண்றது?" என்பதுதான்.

மறுபடியும் தலைமை ஆபீசுக்குப் போன் செய்தேன். டாக்டர் சர்டிபிகேட்டை அனுப்பினேன். இரண்டு வழி இருக்கிறது என்றார்கள். ஒன்று, ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு பெருவிரல் ரேகை பதிப்பது. இன்னொன்று, பேங்க் மேனேஜர் முன்னால் கையெழுத்துப் போட்டு, இதுதான் இவருடைய இப்போதைய கையெழுத்து என்று அவரிடம் சான்று வாங்குவது. ரேகைதான் சுலபம். எனக்கு எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்தது. அப்பாவிடம் சொன்னேன்.

"லோடு லோடா செக்குப் போட்ட கை இது. நான் கைநாட்டு வெக்க மாட்டேன்" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டு வெகு காலமாகியிருந்தது. அம்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

மாத்திரை கொஞ்சம் பிடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு பேங்குக்குப் போனோம். மேனேஜர் கேரளாவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு பெண். பேங்க் ரெக்கார்டில் இருந்ததும் பழைய கையெழுத்துதான். அவர் அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். ஆதார் அட்டையைப் பார்த்தார். இதுவும் நடக்காது என்று நினைத்தேன். "என் முன்னாடி போடுங்க சார். மெதுவாப் போட்டா மதி, அவசரமில்ல" என்றார்.

அப்பா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ டோக்கனோடு நின்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி நானே போட்டுவிடலாம் போல இருந்தது. அப்பா பாதியில் நிறுத்தினார், மூச்சு வாங்கினார், மறுபடி தொடர்ந்தார். கடைசியில் அடிக்கோடும் போட்டார், வளைந்து போனாலும் போட்டார். மேனேஜர் அதன் பக்கத்தில் தன் கையெழுத்தையும் பேங்க் முத்திரையையும் வைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் நடந்தது. பழைய கம்பெனி புதுக் கையெழுத்தை ஏற்றுக்கொண்டது, நிறுத்தி வைத்திருந்ததை விடுவித்தது, மூன்றாவது சீட்டை வாங்கிக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை காலை பழைய கணக்கைத் திறந்தேன், ஒன்றுமே இல்லை. புதியதைத் திறந்தேன், அதிலும் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் காலி. அன்று முழுக்க அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "வந்துச்சா?" "இன்னும் இல்லீங்கப்பா." "அப்ப எங்க இருக்குது?" அது எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. ஒவ்வொரு கம்பெனியாக, எண்ணிக்கை குறையாமல். ஆனால் வாங்கிய விலை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சும்மா கொடுத்த மாதிரி காட்டுகிறதே என்று பதறினார். பங்கு மட்டும்தான் மாறி வரும், விலை விவரம் அதனோடு சேர்ந்து வராது என்று பிறகுதான் தெரிந்தது. பழைய பில்களைப் பார்த்து ஒவ்வொன்றாக நான் ஏற்றினேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நாள் ஆபீசில் இருக்கும்போது அப்பாவின் போன்.

"கண்ணு, ஒரு தப்பு நடந்துபோச்சு."

பம்ப் செட் கம்பெனியில் பத்து வாங்கலாம் என்று அவராகவே தன் போனில் ஆப்பைத் திறந்திருக்கிறார். விரல் நடுங்கியதில் பூஜ்ஜியம் ஒன்று கூட விழுந்து நூறாகிவிட்டது. பதறி அதை நிறுத்தப் போனதில் வேறெங்கோ பட்டு உறுதியாகிவிட்டது. கணக்கில் அந்தச் சமயம் பணம் இருந்தது, கழிந்துவிட்டது. நான் அவருக்கு வழி சொல்லச் சொல்ல, கூடுதலாக வாங்கியதை அன்றே விற்றோம். அதற்குள் விலை இறங்கியிருந்தது. நான் கணக்குப் போட்டு வைத்திருந்த அந்த வருடத்து மிச்சத்தில் பெரும்பகுதி அந்த ஒரு காலையில் போய்விட்டது.

அந்த வாரக் கடைசியில் நான் போனபோது, சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். கையில் புதுக் கணக்குத் தொடங்கும் விண்ணப்பம்.

"அண்ணந்தானுங்க கூப்பிட்டாரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், தான் தேடி வரவில்லை என்பது போல.

"பழைய பங்கெல்லாம் அந்த ஆப்புலயே கெடக்கட்டும் கண்ணு. அதத் தொட மாட்டேன்" என்றார் அப்பா. "அப்பப்ப வாங்கிப் பழகினவன் நான். அதை இவங்கிட்ட வாயால சொல்லி வாங்கிக்கறேன். பாதிக் கமிசன்னு அன்னைக்குச் சொன்னயாமே?"

"சொன்னேனுங்ணா."

"அது இப்பவும் உண்டா?"

"உண்டுங்ணா" என்றார் சித்தப்பா. படியேற அண்ணன் வர வேண்டாம், போன் போதும், கையெழுத்து எதற்காவது வேண்டுமென்றால் தானே வருவதாகவும் சொன்னார். அம்மா எல்லோருக்கும் டீ கொண்டு வந்தார். அப்பாவுக்கு மட்டும் பாதி டம்ளர். என் முன்னால் அதை எடுத்துக் குடித்தார். கொஞ்சம் சிந்தியது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவருக்கு இரண்டு கணக்கு, இரண்டுக்கும் வருடக் கட்டணம். கூட்டிப் பார்த்தால் முன்பு கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நான் கூட்டிப் பார்ப்பதில்லை. மாத்திரை காலையில் வேலை செய்கிறது, மத்தியானத்துக்குள் தேய்ந்துவிடுகிறது என்று அம்மா சொல்கிறார். அடுத்த மாதம் டாக்டர் அளவைக் கூட்டலாம்.

காலையில் மார்க்கெட் திறக்கும் நேரத்தில் என் போன் அடித்தால் இன்னும் நெஞ்சு திக்கென்கிறது. நேற்றும் அடித்தது. லெட்ஜரை அப்படியே போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

"ஏனுங்கப்பா, என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல. சந்தையில நல்ல முருங்கைக்காய் வந்திருக்குதாம். ஞாயித்துக்கெழம வாரியா, உங்கம்மா கேக்கச் சொன்னா" என்றார்.

வருகிறேன் என்றேன். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏதோ பில் சரிபார்க்க வேண்டுமாம். போனேன்.